மண்ணெண்ணெய் வரிசையில் படிக்கப்பட்ட கார்டு

1991-ம் வருடம் ஆனி மாதம். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகிற பக்கத்தில் இருந்த ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் எனக்குத் தற்காலிக வேலை கிடைத்தது. அப்போது அங்கே நெல் வயல்கள், இரண்டு ஏரிகள், கல் உடைக்கும் கிரஷர்கள், நடுநடுவே தகரக் கூரை போட்ட சின்னச் சின்னத் தொழிற்சாலைகள், அவ்வளவுதான். அப்பா கிரஷரில் வேலை செய்தவர். அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர். எங்கள் வீட்டில் கைநாட்டு வைக்காத முதல் ஆள் நான். பன்னிரண்டாவது பாஸ் செய்ததும் எங்கள் தெருவில் நானே முதல். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பெருமை இல்லாவிட்டால் நான் சொல்ல வந்த சம்பவமே நடந்திருக்காது.

என்னைக் காசநோய்ப் பிரிவில் போட்டார்கள். பிரிவு என்றால் ஒரு மேஜை, ஒரு இரும்பு பீரோ, ஒரு மரப்பெட்டி. அந்தப் பெட்டியில் நோயாளிகளின் அட்டைகள் தேதி வரிசையில் நிற்கும். ஒவ்வொருவரும் மாதம் ஒரு நாள் வந்து அந்த மாதத்துக்கான மாத்திரையை வாங்கிப் போக வேண்டும். வந்தவர் அட்டை பின்னால் அடுத்த மாதத்துக்குப் போய்விடும். வராதவர் அட்டை முன்னாலேயே நிற்கும். மூன்று நாள் பார்த்துவிட்டு அவருக்கு ஒரு தபால் கார்டு போட வேண்டும். அதற்கும் வராவிட்டால் இன்னொரு கார்டு. அப்புறம்தான் ஆள் போகும்.

இந்த நோய்க்கு மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட வேண்டும். ஆனால் இரண்டே மாதத்தில் இருமல் நின்றுவிடும், கொஞ்சம் சதை பிடிக்கும், பசியெடுக்கும். உடம்பு சரியாகிவிட்டது என்று நினைத்து நிறையப் பேர் நிறுத்திவிடுவார்கள். மருந்து வேலை செய்யாமல் போனவர்களைவிட, மருந்து வேலை செய்ததால் அதை விட்டவர்கள்தான் எங்கள் பெட்டியில் அதிகம். அவர்களை மறுபடி இழுத்து வருவதுதான் எங்கள் பாதி வேலை.

மாத்திரை எடுத்துக் கொடுப்பவரை எல்லாரும் கம்பவுண்டர் என்றே கூப்பிடுவார்கள். நாற்பது வயதுதான் இருக்கும். ஆனால் எப்போதும் தூக்கம் கலையாத முகம். நான் சேர்ந்த இரண்டாவது மாதம் அவர் ஒரு கட்டு வெற்றுத் தபால் கார்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"அச்சடிச்ச கார்டு தீந்துபோச்சும்மா. மேலேந்து வர இன்னும் ஒரு மாசம் ஆவும். நீ கையால எழுதிடு. உன் எழுத்துதான் முத்து முத்தா கீதே."

பழைய அச்சுக் கார்டு ஒன்று மேஜையில் கிடந்தது. அதில் இரண்டே வரி. "தாங்கள் குறிப்பிட்ட நாளில் வரவில்லை. இந்தக் கார்டுடன் உடனே நேரில் வரவும்." கீழே ரவுண்டு சீல். எனக்கு அது மொட்டையாகத் தெரிந்தது. எதற்கு வர வேண்டும், வராவிட்டால் என்ன ஆகும் என்று ஒரு வார்த்தைகூட இல்லை. இப்படி எழுதினால் யார் வருவார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பீரோவில் இருந்த சுகாதாரக் கையேட்டை எடுத்து மத்தியானம் முழுக்க உட்கார்ந்து நானே ஒரு கடிதம் தயார் செய்தேன்.

"அன்புடையீர், தாங்கள் காசநோய்க்கான மருந்தை இம்மாதம் பெற்றுச் செல்லவில்லை. காசநோய் ஒரு கொடிய தொற்றுநோய். இருமும்போதும் தும்மும்போதும் காற்றின் மூலம் பிறருக்குப் பரவும். குழந்தைகளை எளிதில் தாக்கும். மருந்தை இடையில் நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. தங்கள் நலனையும் குடும்பத்தார் நலனையும் கருதி உடனே வரவும்."

கார்டின் அடிவரைக்கும் நெருக்கி எழுதினேன். பதினோரு பேருக்கு, பதினோரு கார்டு. ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. கம்பவுண்டர் அன்று ஊசி போடுகிற நர்ஸ் லீவு என்று அங்கேயும் இங்கேயும் ஓடிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு கார்டிலும் சீல் விழுந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுத் தபாலில் சேர்க்கச் சொன்னார். அவர் படிக்கவில்லையே என்று எனக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

ஒரு வாரத்தில் நாலு பேர் வந்தார்கள். பழைய கார்டுக்கு இத்தனை பேர் வந்ததில்லை. நான் தரையில் கால் பாவாமல் நடந்தேன்.

அச்சடித்த கார்டு வரட்டும் என்று மீதிப் பேருக்கு இரண்டாவது கார்டு போடாமல் இருந்தோம். புரட்டாசிக் கடைசியில், என் கார்டு போய் இரண்டு மாதம் கழித்து, ஒருவர் வந்தார். முப்பது வயதிருக்கும். கம்பெனிச் சட்டை, கையில் டிபன் டப்பா, ராத்திரி ஷிஃப்ட் முடித்து நேராக வந்தவர் போலக் கண் சிவந்திருந்தது. சட்டைப் பையிலிருந்து என் கார்டை எடுத்து மேஜையில் வைத்தார்.

"இத்த யாரு எழுதனது?"

"நான்தான்" என்றேன். பாராட்டப் போகிறார் என்று நிஜமாகவே நினைத்தேன்.

"சோக்கா எழுதிக்கீறீங்க. ஊரே பேசுது."

சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. பெஞ்சில் உட்கார்ந்து, யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னார். கார்டு அவருடைய மனைவிக்குப் போனது. மண்ணூர் பக்கத்தில் ஒரு கிராமம். மனைவி ரைஸ் மில்லில் நெல் அவிக்கிற இடத்தில் வேலை. சித்திரையில் நோய் தெரிந்து மாத்திரை ஆரம்பித்தவர். புருஷனுக்கு மட்டும் சொல்லியிருந்தார். மாமியாரிடம் ரத்தம் ஊறுகிற மாத்திரை என்று சொல்லி மிளகாய்த்தூள் டப்பாவுக்குள் வைத்துச் சாப்பிட்டுவந்தார். இருமல் நின்றது. வெறும் வயிற்றில் மாத்திரை போட்டுக்கொண்டு கொதிக்கிற நெல்லுக்கு முன்னால் நின்றால் குமட்டுகிறது என்று, மில்லில் வேலை அதிகமான ஒரு மாதம் மட்டும் விட்டிருக்கிறார். அந்த மாதம்தான் என் கார்டு போனது.

போஸ்ட்மேன் கார்டை மாமியார் கையில் கொடுத்திருக்கிறார். மாமியாருக்குப் படிக்கத் தெரியாது. அரசாங்க ரவுண்டு சீலைப் பார்த்ததும், மூன்று வருடமாக எழுதிப் போட்டுக் காத்திருந்த வீட்டுமனைப் பட்டாதான் வந்துவிட்டது என்று நினைத்துவிட்டார். அன்றைக்கு ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் ஊற்றுகிற நாள். கார்டை எடுத்துக்கொண்டு நேராக அங்கே போயிருக்கிறார். கடையில் எடை போடுகிறவர்தான் அந்த ஊரில் எல்லாருக்கும் கடிதம் படிக்கிறவர். வரிசையில் நாற்பது பேர் டின்னோடு நின்றிருக்கிறார்கள். அவர் சத்தமாகப் படித்திருக்கிறார்.

"மேல இருக்கற பேர்லேந்து கீழ சீல் வரைக்கும்" என்றார் அந்த மனிதர். "நடுவுல நிறுத்தலாம்னு அவனுக்கும் தோணல. படிச்சி முடிச்சிட்டுத்தான் ஐயோன்னானாம்."

மாலையில் மில்லிலிருந்து திரும்பிய மனைவியை வாசலிலேயே நிறுத்தி, துணியைக் கட்டி வெளியில் வைத்துவிட்டார்கள். நாலு வயதுப் பெண் குழந்தையை மாமியார் கொடுக்கவில்லை. மனைவி மட்டும் மணிமங்கலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற தன் அண்ணன் வீட்டுக்குப் போயிருக்கிறார். மில்லிலும் வர வேண்டாம் என்றுவிட்டார்கள். மாத்திரையைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே எழுந்து போய்விடுகிறாராம்.

"திரும்ப இருமல் வந்துருச்சும்மா. நா சொன்னா கேக்கமாட்டேங்குது. எழுதனவங்க வந்து சொல்லட்டும்ங்குது." அவர் எழுந்தார். "எனக்கு மத்தியானம் ஓவர்டைம் கீது. நா வரேன்."

கார்டை மேஜையிலேயே விட்டுவிட்டுப் போனார்.

கம்பவுண்டர் அதை எடுத்துப் படித்தார். ஒரு முறை படித்துவிட்டு, இன்னொரு முறையும் படித்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் பழைய அச்சுக் கார்டை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். "இதுல இன்னா வியாதின்னு ஏன் போடலன்னு நீ ஒரு நிமிஷம்கூட யோசிக்கலையாம்மா" என்று மட்டும் கேட்டார். அப்புறம், "நானும் படிச்சிப் பாத்துருக்கணும்" என்று சொல்லிவிட்டு மாத்திரை எண்ணப் போய்விட்டார்.

எனக்கு வலித்த இடம் வேறு. கார்டை யார் படிப்பார்கள் என்று தெரியாமல் வளர்ந்தவளா நான்? ஆறாவது படிக்கும்போதிலிருந்து எங்கள் தெருவுக்கு வந்த கார்டையெல்லாம் நான்தான் படித்தேன். மாவு அரைக்கப் போன இடத்தில், குழாயடியில், கூப்பிட்ட இடத்தில் நின்று படிப்பேன். யாருக்குக் கல்யாணம், யார் வீட்டில் சாவு, யாருடைய மருமகள் கோபித்துக்கொண்டு போனாள் எல்லாம் என் வாயால்தான் தெருவுக்குத் தெரியும். என் குரல் கணீரென்று இருக்கிறது என்று அம்மாவுக்குப் பெருமை. படிக்கத் தெரியாத வீட்டுக்குப் போகிற கார்டு ஊருக்கே போகிற கார்டு என்பது எனக்குத் தெரிந்த அளவுக்கு அந்த அலுவலகத்தில் வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. மேஜைக்கு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்த இரண்டே மாதத்தில் அது எனக்கு மறந்துபோயிருந்தது.

மறுநாள் தாம்பரம் பஸ்ஸில் ஏறி மணிமங்கலத்தில் இறங்கினேன். ஒரு மாத மாத்திரை பையில் இருந்தது. கார்டும் இருந்தது. அங்கிருந்து ஏரிக்கரை மேல் முக்கால் மணி நேரம் நடை. நல்ல வெயில். வழி சொன்னவர்கள் என்ன விஷயமாகப் போகிறாய் என்று கேட்டால் தூரத்துச் சொந்தம் என்று சொன்னேன். அந்த அளவுக்கு அதற்குள் கற்றுக்கொண்டிருந்தேன்.

அண்ணன் வீட்டுக்குப் பின்னால், வைக்கோல் போட்டு வைக்கிற சாய்ப்பில் இருந்தார் அந்த அக்கா. என்னைவிட ஐந்தாறு வயதுதான் மூத்தவர். தோள்பட்டை எலும்பு ரவிக்கையைத் தூக்கிக்கொண்டு நின்றது. பக்கத்தில் தனித் தட்டு, தனிச் சொம்பு. கொஞ்சம் தள்ளி அண்ணி உட்கார்ந்து முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

யார் என்று சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீதானா. நா யாரோ பெரிய அம்மான்னு நெனச்சேன். நீ இன்னா, என் தங்கச்சி வயசு கீற."

மன்னிப்புக் கேட்டேன். என்ன வார்த்தை சொன்னேன் என்று இப்போது நினைவில்லை. பஸ்ஸில் வரும்போது யோசித்து வைத்திருந்தது எதுவும் வாயில் வரவில்லை. மாத்திரையை எடுத்து அவர் பக்கத்தில் வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை.

"கார்டு கீதா உங்கிட்ட?"

எடுத்துக் காட்டினேன்.

"படி."

எனக்குப் புரியவில்லை.

"ஊரே கேட்டுச்சு. நா மட்டும் கேக்கல. அப்ப நா மில்லுல கீறேன். ஒருத்தி இன்னாடான்னா, நா ஆறு மாசத்துல செத்துருவேன்னு எழுதிருக்குன்றா. இன்னொருத்தி, என்ன ஊர வுட்டு வெளியேத்தணும்னு சர்க்கார் ஆர்டர்னு சொல்றா. எம் பேருக்கு வந்த கார்டு. எனக்கு ஒருவாட்டி படிச்சிக் காட்டு."

நான் படித்தேன். குரல் கீழே போயிற்று.

"சத்தமா படி. அங்க சத்தமாத்தானே படிச்சான்."

அண்ணி முறத்தை நிறுத்திவிட்டார். நான் முதலிலிருந்து சத்தமாகப் படித்தேன். "கொடிய தொற்றுநோய்" என்று படித்தேன். "குழந்தைகளை எளிதில் தாக்கும்" என்று படித்தேன். மேஜையில் உட்கார்ந்து எழுதும்போது எவ்வளவு அழகாக இருந்த வாக்கியங்கள். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு படிக்க முடியாமல் கார்டையே பார்த்துக்கொண்டு படித்து முடித்தேன்.

அவருக்கு இருமல் வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, அண்ணி இருந்த திசைக்கு முதுகைக் காட்டி இருமினார். அப்புறம் கேட்டார்.

"அப்ப நா மாத்திர துன்னுக்கினு வூட்ல இருந்த ரெண்டு மாசமும் எம் பொண்ணுக்கு ஒட்டிக்கினுதான் இருந்துச்சா?"

"இல்லக்கா. மாத்திரை ஒழுங்கா சாப்பிட ஆரம்பிச்சா ரெண்டு மூணு வாரத்துல பரவறது அநேகமா நின்னுடும். உங்களுக்கு ரெண்டாவது மாசம் சளி டெஸ்ட்ல கிருமி இல்லன்னுதான் வந்திருக்கு. அட்டையில பாத்துட்டுத்தான் வந்தேன். அப்ப உங்களால யாருக்கும் ஆபத்து இல்ல."

"அத்த ஏன் எழுதல?"

நான் கையிலிருந்த கார்டைப் பார்த்தேன். பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது உண்மை.

"இடம் பத்தலக்கா."

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. "இடம் பத்தலியாம்" என்று அண்ணியிடம் சொன்னார். "கேட்டியா அண்ணி? பயமுறுத்தறதுக்கு இடம் இருந்துச்சாம்."

அண்ணி மறுபடி அரிசியைப் புடைக்க ஆரம்பித்தார்.

மாத்திரையை மறுபடி ஆரம்பிக்க வேண்டும், முதலில் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும், விட்டு விட்டுச் சாப்பிட்டால் கிருமி மருந்துக்கு அடங்காமல் போய்விடும் என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"புதங்கெழம கிருஷ்ணாயில் ஊத்துவான். நீ அங்க போ. அதே க்யூவுல நின்னு, எனக்குச் சொன்ன பாரு, இடம் பத்தாம வுட்டது, அத்த சொல்லு. சொல்லிட்டு வா. அப்பறம் நா எங்க வரணுமோ வரேன்."

கம்பவுண்டரிடம் சொன்னேன். ஒரு தவறைச் சரிசெய்கிறேன் என்று இன்னொன்றைச் செய்துவிடாதே என்றார். அப்புறம், அந்தம்மாவே கேட்டால் போய்த்தான் ஆக வேண்டும் என்றார்.

புதன்கிழமை போனேன். வரிசையில் டின்களை வைத்துவிட்டு ஆட்கள் வேப்ப மர நிழலில் நின்றிருந்தார்கள். எடை போடுகிறவரிடம் நான் யாரென்று சொன்னதும் அவர் முகம் வெளுத்துவிட்டது. "படிச்சிக் குடுத்தது தப்பாம்மா? கேஸு கீஸு ஆவுமா?" என்றார். தப்பு என்னுடையது என்றேன். எங்கள் தெருவில் கணீரென்று படித்த குரல் அன்று எனக்கு வரவே இல்லை. பேச ஆரம்பித்தபோது முன்னால் நின்ற நாலு பேர்தான் திரும்பினார்கள்.

அந்தக் கார்டை எழுதியது நான்தான், அதில் முக்கியமான ஒன்றை எழுதாமல் விட்டுவிட்டேன் என்று சொன்னேன். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறவர்களிடமிருந்து இந்த நோய் பரவாது, சாப்பிடவிடாமல் துரத்தினால்தான் பரவும் என்றேன்.

"கிருஷ்ணாயில் வருமா வராதா, மொதல்ல அத்த சொல்லும்மா" என்றாள் ஒரு கிழவி. சிரித்தார்கள்.

"ஒண்ணும் ஒட்டாதுன்னா நீ உம் புள்ளைய அது மடியில குடுப்பியா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலக்கா."

அதற்கும் சிரித்தார்கள். "அதான் வாய் இவ்ளோ நீளுது" என்று யாரோ சொன்னார்கள். காது சூடாகிவிட்டது. ஆனாலும் நான் சொன்னதை இன்னொரு முறை முதலிலிருந்து சொன்னேன். இரண்டாம் முறை கொஞ்சம் பேர் கேட்டார்கள். மூன்று வாரமாக இருமிக்கொண்டிருக்கிற யாராக இருந்தாலும் வாருங்கள், பரிசோதனை செய்தது வெளியில் தெரியாது என்று சொன்னேன். அப்படிச் சொல்லும்போதே, அதை நம்பச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்றும் தோன்றியது.

திரும்பி நடக்கும்போது பின்னாலிருந்து ஒருவர் என்னை நிறுத்தினார். கையில் காலி டின். அந்த அக்காவின் மாமியார். நான் மனதில் வரைந்து வைத்திருந்த பெண் இவர் இல்லை. குள்ளமாக, களைத்துப்போய், சேலையில் சேறு ஒட்டியிருந்தது.

"பட்டா வந்துருச்சுன்னு நெனச்சி சிரிச்சிக்கினே நீட்டனேம்மா அந்தக் கார்ட. எல்லாரையும் கூப்ட்டு, வந்து கேளுங்கடின்னு சொன்னவளே நாந்தான். என்ன எங்க கொண்டுபோய் நிக்க வெச்சிட்ட பாரு."

அவர் டின்னை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

"நெசமா ஒட்டாதா?"

"மாத்திரை ஒழுங்கா சாப்பிட்டா ஒட்டாதும்மா. சளி டெஸ்ட் பண்ணிப் பாத்துச் சொல்வாங்க."

"டெஸ்ட்டுல சுத்தம்னு வரட்டும். வந்தா அது வூட்டுக்கு வரட்டும். அதுவரைக்கும் கொழந்த எங்கிட்ட இருக்கட்டும்."

அன்றைக்கே மணிமங்கலம் போனேன். ஏரிக்கரையை நடந்து கடப்பதற்குள் கால் விட்டுப்போயிற்று. அந்த அக்கா என்னைப் பார்த்ததும் கேட்டது மாமியார் என்ன சொன்னார் என்று இல்லை.

"சொன்னியா?"

"சொன்னேன்க்கா."

"சிரிச்சாங்களா?"

"சிரிச்சாங்க."

"என்னிய நெனச்சா, இல்ல உன்னப் பாத்தா?"

"என்னைப் பாத்துத்தான்."

"சரி" என்றார். "நாளைக்கு வரேன்."

வந்தார். ஆனால் இதற்குள் மூன்று மாதம் மருந்து இல்லாமல் போயிருந்தது. சளியில் கிருமி மறுபடி வந்துவிட்டது. டாக்டர் எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னார். இந்த முறை மாத்திரையோடு, இரண்டு மாதம் தினமும் ஊசி. தினமும் மணிமங்கலத்திலிருந்து பஸ் ஏறி வந்து ஊசி போட்டுக்கொண்டு போக வேண்டும். அது ஐப்பசி. மழை பிடித்துக்கொண்டது. பஸ் வராத நாளில் அவர் பாதி வழி நடந்து, லாரியில் தொற்றிக்கொண்டு வந்து சேர்வார். சொட்டச் சொட்ட நிற்பவரை நான் பீரோவுக்குப் பின்னால் அழைத்துப்போய்த் துண்டு கொடுப்பேன். மாத்திரை வெறும் வயிற்றில் போகக்கூடாது என்று வீட்டிலிருந்து இரண்டு இட்லி கொண்டுவருவேன். ஏதோ பெரிய சேவை செய்ததாகச் சொல்லவில்லை. அவர் வரும்வரை எனக்கு உட்கார முடியாது, அவ்வளவுதான். மணி பத்தைத் தாண்டினால் வாசலுக்கும் மேஜைக்குமாக நடப்பேன். நான் நடப்பதைப் பார்த்தே கம்பவுண்டர் மணி சொல்வார்.

ஒன்றரை மாதம் ஆனபோது, நான் கூப்பிட்டால் அவர் திரும்பிப் பார்ப்பது குறைந்தது. களைப்பு என்று நினைத்தேன். ஒரு நாள் நடக்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டார். கேட்டதும்தான் சொன்னார், மூன்று வாரமாகக் காதுக்குள் வண்டு ரீங்காரம் போடுவது போல இருக்கிறதாம், இடது காது சரியாகக் கேட்கவில்லையாம்.

"ஏங்க்கா அன்னைக்கே சொல்லல?"

"சொன்னா ஊசிய நிறுத்திடுவீங்க. நிறுத்தினா டெஸ்ட்டுல சுத்தம்னு வராது. அப்பறம் எம் பொண்ண எப்பப் பாக்கறது?"

அந்த ஊசி சிலருக்குக் காதைப் பாதிக்கும். தெரிந்தவுடன் நிறுத்த வேண்டும். டாக்டர் அன்றே நிறுத்தி வேறு மாத்திரை கொடுத்தார். தலைசுற்றல் சில வாரத்தில் போயிற்று. இடது காது திரும்பவில்லை.

மார்கழி முடிவில் சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை என்று வந்தது. அந்தத் தாளை நான் யாரிடமும் கொடுத்தனுப்பவில்லை. நானே போய் மாமியாருக்கு வாயால் சொன்னேன். அவர் சொன்ன வாக்கை மாற்றவில்லை. பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு அந்த அக்கா வீட்டுக்குத் திரும்பினார். அந்தக் குழந்தைக்கும் பரிசோதனை செய்தோம், ஒன்றும் இல்லை. ஆனால் ஐந்து மாதம் பார்க்காத அம்மாவிடம் வராமல் பாட்டியின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றதாம். வருவதற்கு ஒரு வாரம் ஆயிற்று என்று அந்த அக்காவே பின்னால் சொன்னார். மீதி மாத்திரையை ஒரு நாள்கூட விடாமல் சாப்பிட்டு முடித்தார். டப்பாவுக்குள் ஒளித்து வைக்க வேண்டியிருக்கவில்லை. அந்த ஒரு உபகாரம்தான் என் கார்டு செய்தது.

கார்டு போகாமல் இருந்தாலும் அவர் மருந்தை விட்டிருக்கலாம், ஊசி எப்படியும் தேவைப்பட்டிருக்கலாம் என்று கம்பவுண்டர் ஆறுதல் சொன்னார். இருக்கலாம். ஒரு மாத இடைவெளிக்கு நான் காரணம் இல்லை. மற்ற இரண்டு மாதத்துக்கு யார் காரணம் என்று எனக்குத் தெரியும். மற்ற பத்து கார்டுகளை யார் யார் எங்கே படித்தார்கள் என்பது இன்றுவரை தெரியாது. அந்தப் பத்துப் பேரில் மூன்று பேர் வரவே இல்லை. தேடிப் போனபோது இரண்டு வீடு பூட்டியிருந்தது. மூன்றாவது வீட்டில், அப்படி ஒருவர் இங்கே இல்லை என்றார்கள்.

இரண்டு வருடம் ஆகிறது. அதே மேஜையில்தான் இருக்கிறேன், வேலை இன்னும் தற்காலிகம்தான். புதிதாகச் சிகிச்சைக்கு வருகிறவர்களிடம் பெயர், வயதுக்கு அடுத்து, உங்கள் வீட்டில் கடிதம் வந்தால் யார் படிப்பார்கள், நாங்கள் எப்படிச் சொல்லி அனுப்ப வேண்டும் என்று கேட்கிறேன். பதிவேட்டில் அதற்குக் கட்டம் கிடையாது. ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொள்கிறேன்.

அந்த அக்கா எப்போதாவது சந்தையில் எதிர்ப்படுகிறார், மகள் கையைப் பிடித்துக்கொண்டு. நான் பேச ஆரம்பித்தால் கொஞ்சம் கேட்டுவிட்டு, "இந்தப் பக்கம் வந்து சொல்லு" என்று வலது பக்கத்தைக் காட்டுகிறார். பழைய கோபம் எதுவும் அதில் இல்லை. நான் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய், அவருக்கு மட்டும் கேட்கிற அளவுக்குக் குரலை வைத்துப் பேசுகிறேன். படித்தவள் என்று என்னை நானே சொல்லிக்கொள்ள இப்போது எனக்குத் தைரியம் வருவது அந்த ஒரு நிமிடத்தில் மட்டும்தான்.